வெயில், மழை, காற்று: மதுரைப் புறா எப்போது இரை எடுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் கம்பும் அரிசியும் போடுகிறவர்கள், விதைத்த புஞ்சையில் புறாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள், டீ குடித்துக்கொண்டே கோபுரத்தை அண்ணாந்து பார்த்து யோசிக்கிறவர்கள் என்று மூன்று தரப்பிடமிருந்தும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இங்கே பேசுவது காட்டுப்புறாவைப் பற்றி மட்டும். கூண்டுப் புறாவும் பந்தயப் புறாவும் இதில் சேராது, அவற்றின் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்வது வளர்க்கிறவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலும் மழையும் புறாவின் பசியைக் கொஞ்சம்தான் மாற்றும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இரை எடுக்கும் என்பதைத்தான் அடியோடு மாற்றும். வெளிநாட்டுக் காணொளியில் "குளிர்காலத்தில் பறவைக்குக் கொழுப்புத் தீனி வையுங்கள்" என்று சொன்னதைப் பார்த்துவிட்டு மார்கழியில் நிலக்கடலையைக் குவிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

காட்டுப்புறா என்று எதைச் சொல்கிறீர்கள்?

கூண்டில் இல்லாத எல்லாவற்றையும். ஊருக்குள் அதிகம் பார்ப்பது மாடப்புறா. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தில் இருப்பதும், திருமலை நாயக்கர் மஹாலில் இருப்பதும், அடுக்குமாடி வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் குடும்பம் நடத்துவதும் அதுதான். சுத்தமான காட்டு ரத்தம் என்று சொல்ல முடியாது, தலைமுறை தலைமுறையாக வளர்ப்புப் புறா கலந்திருக்கிறது. அதனால்தான் ஒரே கூட்டத்தில் சாம்பல், செம்பழுப்பு, வெள்ளைத் திட்டு என்று ஆளுக்கொரு நிறம். கிராமத்துப் பெரிய கிணறுகளின் சுவர்ப் பொந்தில் அடைகிறதும் இதே மாடப்புறாதான்.

வயல்காட்டுப் பக்கம் போனால் புள்ளிப்புறா, சின்னத் தவிட்டுப்புறா, பின்கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறா. ஆலமரத்தில் பச்சைப்புறா. நம் மாநிலப் பறவையான மரகதப்புறா நிழலடர்ந்த காட்டுத் தரையில் பொறுக்கித் தின்பது, அதை மாடியில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு புறா ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?

மாடப்புறாவின் எடை சுமார் 300 முதல் 350 கிராம். தின்பது சுமார் 30 கிராம் தானியம், ஒரு சின்னக் கைப்பிடி அளவு. தவிட்டுப்புறாவுக்கு இதில் பாதிகூட வேண்டாம். கூடவே பொடிக்கல்லும் மணலும் பொறுக்கும், பல் இல்லாத பறவைக்கு வயிற்றில் கிடக்கும் கல்தான் சோளத்தை உடைத்துக் கொடுக்கிறது.

கழுத்தடியில் ஒரு தீனிப்பை இருப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றப் பதில்கள் சுலபமாகப் புரியும். கிடைக்கிற நேரத்தில் வேகவேகமாக அள்ளி அதில் போட்டுக்கொண்டு, பத்திரமான இடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செரித்துக்கொள்ளும். சாயங்காலம் அடையப்போகிற புறாவைப் பக்கத்தில் பார்க்க வாய்த்தால் நெஞ்சுக்கு மேலே பாருங்கள், உருண்டையாகப் புடைத்து, அந்த இடத்து இறகுகள் வரி பிரிந்து நிற்கும். ராத்திரிக்கான சாப்பாடு அது. வானிலை கெடுப்பது பெரும்பாலும் இந்தச் சாயங்கால நிரப்பலைத்தான்.

சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்குத் தானியம் வைத்தால் அப்படியே கிடக்கிறது. கோபித்துக்கொண்டதா?

இல்லை, நிழலில் இருக்கிறது. புறாவின் உடம்புச் சூடு எப்போதுமே 41, 42 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதுரை 40-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது, அப்போது சூட்டை வெளியே தள்ள மிஞ்சியிருக்கிற ஒரே வழி உடம்பின் ஈரத்தை ஆவியாக்குவதுதான். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய், தொண்டை வழியாகவும் தோல் வழியாகவும்தான் ஈரம் போக வேண்டும், அதில் தோல் வழியாக ஆவியாக்குவதில் புறா இனம் கெட்டிக்காரப் பறவைதான் என்றாலும் அதற்கும் தண்ணீர் செலவாகிறதே. அந்த நேரத்தில் பறந்தால் தசை சூடாகும். தின்றால் செரிக்கிற வேலையிலும் சூடு பிறக்கும். எனவே உச்சிவெயிலில் கோபுரத்துப் பொம்மைகளின் இடுக்கிலோ பாலத்துக்கு அடியிலோ சும்மா உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம், அதைத்தான் அது செய்கிறது.

இன்னொரு பக்கம் தரை. மதியம் கோயில் பிராகாரத்தில் கால் சுடுகிறதென்று நாமே விரிப்பைத் தேடி ஓடுகிறோம், புறா என்ன செருப்பா போட்டிருக்கிறது. சிமெண்ட் தளத்தில் நின்று ஒவ்வொரு மணியாகக் கொத்த அதற்கும் முடியாது.

ஆகவே கோடையில் இரை எடுப்பது இரண்டு வேளை. வெளிச்சம் தெளிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரை ஒரு வேளை. வெயில் சாய்ந்த பிறகு நாலரை மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் இன்னொரு வேளை. மேகமூட்டமான நாளில் இந்த இரண்டு வேளையும் விரிந்து, நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். தை மாதத்தில் பார்த்தால் மத்தியானம்கூட ஆங்காங்கே மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் கோடையில் தின்பதே குறையுமா?

கொஞ்சம் குறையும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவில்லை, செரிமானச் சூடும் தொந்தரவு. ஆனால் குஞ்சு இருக்கிற ஜோடிக்கு இந்தச் சலுகை கிடையாது, அது எந்த வெயிலிலும் அலைந்துதான் ஆக வேண்டும்.

கோடையில் தானியம் முக்கியமா, தண்ணீர் முக்கியமா?

தண்ணீர். சந்தேகமே வேண்டாம். புழு பூச்சி தின்கிற பறவைக்கும் பழம் தின்கிற பறவைக்கும் இரையிலேயே ஈரம் கிடைத்துவிடும். காய்ந்த கம்பிலும் சோளத்திலும் ஈரம் பத்தில் ஒரு பங்கு அளவுதான், எனவே தானியம் தின்கிற புறா தினமும் குடித்தே ஆக வேண்டும். நன்றாக வளர்ந்த புறா ஓரிரு நாள் பட்டினி கிடந்துவிடும், கோடையில் தண்ணீர் இல்லாமல் அப்படிக் கிடக்க முடியாது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் எவ்வளவு நல்ல தானியம் கிடந்தாலும் அங்கே கூட்டம் நிலைக்காது. கோடையில் ஒரு மாடியை விட்டு இன்னொரு மாடிக்குப் புறா மாறிவிட்டது என்றால் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வைகை மணலாகக் கிடக்கிற மாதங்களில் ஊர்ப்புறாவுக்கு வண்டியூர் தெப்பக்குளம் மாதிரி இடங்கள் போக, கசிகிற குடிநீர்க் குழாய், ஏசியிலிருந்து சொட்டுகிற நீர், லாரி நிரம்பி வழிந்த இடம் இவைதான் கதி. கிராமத்தில் மாட்டுத்தொட்டி, பம்புசெட் வாய்க்கால்.

குடிக்கிற விதத்தையும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். கோழி ஒரு வாய் அள்ளி, தலையைத் தூக்கி, விழுங்கி, திரும்பக் குனியும். புறா அலகை மூக்கு வரை தண்ணீரில் அமிழ்த்திவிட்டு, தலையைத் தூக்காமல் ஒரே இழுப்பாக உறிஞ்சும், தொண்டை மட்டும் துடிப்பது தெரியும். சில நொடியில் வேலை முடிந்து பறந்துவிடும். பூனை காத்திருக்கிற குழாயடியில் இது பெரிய வசதி. இதனால் தண்ணீர் கொஞ்சம் ஆழமாக இருக்க வேண்டும், தட்டையான மூடியில் பரப்பிவைத்த நீரை உறிஞ்சத் திணறும். இரண்டு விரற்கடை ஆழமுள்ள மண்சட்டி சரியாக இருக்கும்.

மாடியில் ஒரு புறா வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நோயா?

மதியம் இரண்டு மணிக்கு என்றால் பெரும்பாலும் வெக்கை. தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்து ஈரத்தை ஆற்றுகிறது, இறக்கையைத் தளர்த்தி அடியில் காற்று போக விடுகிறது. நிழலும் நீரும் இருந்தால் சரியாகிவிடும். காலை ஏழு மணிக்கும் அப்படியே நின்றால், இரையைத் தொடாமல் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது வெயில் சமாச்சாரம் அல்ல. வாய்க்குள் மஞ்சளாகக் கட்டி படிகிற ஒரு நோய் புறாக்களிடம் உண்டு, பொதுத் தண்ணீர்ச் சட்டி வழியாகத்தான் எளிதாகப் பரவும். அதனால்தான் கோடையில் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவச் சொல்வது. வெறுமனே மேலே நீர் ஊற்றி நிரப்புவது போதாது.

மழை வரப்போவது புறாவுக்கு முன்கூட்டியே தெரியுமா? அதற்காக அதிகம் தின்று வைத்துக்கொள்ளுமா?

தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்று நம்மிடம் சொல்வழக்கு உண்டு. புறாவைப் பற்றி ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கிரைத்தனும் வில்லியம் கீட்டனும் 1974-ல் வெளியிட்ட சோதனையில், காற்றழுத்தத்தில் உண்டாக்கிய மிகச் சிறிய மாற்றத்தைக்கூடப் புறா உணர்ந்துகொண்டது தெரிந்தது. மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வொலிகளையும் புறா கேட்கிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் அதே குழு காட்டியது. தூரத்து இடிமழை அந்த மாதிரி ஒலிகளை எழுப்பக்கூடியது.

ஆக, கருவி அதனிடம் இருக்கிறது. அதை வைத்து "நாளைக்கு மழை, இன்றைக்கே மூட்டை கட்டுவோம்" என்று தின்னும் என்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆவணி, புரட்டாசியில் மதுரையில் பெய்கிற மழை பெரும்பாலும் சாயங்கால இடிமழை, மத்தியானம் சுட்டெரித்துவிட்டு நாலு மணிக்கு மேற்கே கறுத்து ஐந்து மணிக்குக் கொட்டும். அந்தக் கறுப்பும் குளிர்ந்த காற்றும் வந்தவுடன் வயலிலும் களத்திலும் மேய்ந்த கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிடும், சில நாள் கிளம்புவதற்கு முன் அவசர அவசரமாகக் கொத்துவதையும் பார்க்கலாம். அதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மேகமாகவே இருக்கலாம், அழுத்தமானியைத் தேட வேண்டியதில்லை.

மழை பெய்கிறபோது இரை எடுக்குமா?

தூறலில் எடுக்கும். கனமழையில் எடுக்காது. புறாவின் இறகு நனையாமல் காப்பதில் எண்ணெயைவிட ஒரு மெல்லிய தூளுக்குத்தான் பங்கு அதிகம். ஜன்னல் கண்ணாடியில் புறா மோதிய இடத்தில் வெள்ளையாக இறக்கை அச்சே விழுந்திருக்குமே, அந்தத் தூள்தான். லேசான மழை அதில் உருண்டு ஓடிவிடும். தொப்பலாக நனைந்தால் பறப்பது கனம், வல்லூறுக்கு எளிதாக அகப்படும், எனவே ஒதுங்கியே இருக்கும்.

கோடை மழையின் முதல் தூறலில் ஒரு வேடிக்கை நடக்கும். கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்த புறா ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையை மட்டும் நேராக மேலே தூக்கி, அக்குளில் மழை படும்படி அப்படியே கிடக்கும். அப்புறம் மறுபக்கம். பார்க்கிறவர்கள் அடிபட்டுவிட்டது என்று பயந்து கேட்கிறார்கள். குளிக்கிறது, விட்டுவிடுங்கள்.

சாயங்கால மழை மூன்று நான்கு நாள் தொடர்ந்தால்தான் அதற்குச் சிரமம். ராத்திரிக்கான தீனிப்பை அரைகுறையாகவே நிரம்பி அடைய நேரிடும். அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முந்தி வந்து, ஒன்றையொன்று இறக்கையால் அடித்துத் தள்ளிக்கொண்டு கொத்தும். 2024 அக்டோபர் 25-ல் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி ஒரு மழை என்றால் தரையில் பொறுக்கவே இடம் இருக்காது, அன்றைக்குப் பட்டினிதான். அடுத்த நாளே ஈடுகட்டிவிடும்.

மழைக்குப் பிறகு பூமியெல்லாம் பச்சையாகிறதே, புறாவுக்குக் கொண்டாட்டம்தானே?

நேர்மாறு என்பதுதான் இதில் ருசியான விஷயம். ஆடு மாட்டுக்குக் கொண்டாட்டம், புழு பூச்சி தின்னும் பறவைக்குக் கொண்டாட்டம், ஈசல் கிளம்பினால் காகமும் மைனாவும் கரிச்சானும் ஆட்டம் போடும். விதை பொறுக்குகிற புறாவுக்கோ முதல் மழை கஷ்ட காலத்தின் தொடக்கம்.

கோடை முழுக்கப் புல்லிலிருந்தும் பயிரிலிருந்தும் உதிர்ந்த விதைகள் காய்ந்த தரையில் கிடக்கின்றன, தவிட்டுப்புறாவும் புள்ளிப்புறாவும் அதை நம்பித்தான் ஓட்டுகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை விழுந்ததும் அந்த விதை சில நாட்களில் முளைத்துவிடுகிறது. முளைத்த விதை புறாவுக்கு விதை அல்ல. புதுப்புல் வளர்ந்து, கதிர்விட்டு, விதை முற்றி உதிர வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கண்ணுக்குப் பச்சையாகவும் வயிற்றுக்குக் காலியாகவும் ஒரு இடைவெளி விழுகிறது.

போதாததற்குப் புறா கோழியைப் போலக் காலால் கிளறாது. அலகால் இப்படியும் அப்படியும் தட்டித் தேடும், அவ்வளவுதான். சேறு பூசிக்கொண்ட விதையும், புல்லுக்கடியில் மறைந்த விதையும் அதன் கையில் இல்லை. தரிசும் வெட்டவெளியும்தான் அதற்குப் பிடித்த சாப்பாட்டு மேசை, மழை அதை மூடிவிடுகிறது.

இந்த நாட்களில்தான் தவிட்டுப்புறா தார்ச்சாலை ஓரத்திலும் ரேஷன் கடை வாசலிலும் மாவுமில் வாசலிலும் கூடுதலாகத் தென்படும். மாடப்புறாவுக்கு இந்த அளவு பிரச்சினை இல்லை, கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் மூட்டை இறக்குகிற வரைக்கும் சிந்துகிற தானியம் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டதல்ல.

மானாவாரிப் புஞ்சையில் விதைத்ததும் புறா வந்து பொறுக்கிவிடுகிறது. மழையைப் பார்த்து விதைத்தால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்கு. பேரையூர், தே.கல்லுப்பட்டி, கள்ளிக்குடிப் பக்கம் சோளம், குதிரைவாலி, பயறு எல்லாம் மழையை எதிர்பார்த்துத்தான் விழுகின்றன. மழைக்கு முன்பே விதைத்துவிட்டுக் காத்திருந்தால், மழை தள்ளிப் போகிற ஒவ்வொரு நாளும் மேலே கிடக்கிற விதை புறாவுக்கு. மேலே சொன்ன இடைவெளிக் காலத்தில் விதைத்தால் சுற்றுவட்டாரத்தில் வேறு தீனி இல்லாததால் உங்கள் வயல் மட்டும் கண்ணில் படும். இரண்டிலும் உதவுவது ஒன்றுதான்: விதையை மூடுவது. கையால் தூவி அப்படியே விடாமல், ஓட்டிப் பரம்படித்து மண்ணுக்குள் தள்ளிவிட்டால் கிளறத் தெரியாத பறவையால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து விவசாயிகள் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தாலும் சேதம் பங்கு பிரிந்து குறையும். முளை நன்றாகத் தரைக்கு மேலே வந்துவிட்டால் புறாத் தொல்லை பெரும்பாலும் முடிந்தது, அப்புறம் கதிர் முற்றும்போதுதான்.

மருந்து கலந்த விதையைப் புறா விரட்டுகிற உத்தியாக வெளியே சிதறி வைக்காதீர்கள். சாவது புறா மட்டும் அல்ல, செத்த புறாவைத் தின்கிற நாயும் பருந்தும்தான்.

அறுவடைக் காலத்தில் ஊர்ப்புறாவெல்லாம் எங்கே காணாமல் போகிறது?

நெல்லுக்குப் போகிறது. மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் தை, மாசியில் அறுப்பு நடக்கும்போது மாடப்புறா காலையில் கூட்டமாகக் கிளம்பிச் சில கிலோமீட்டர் பறந்து அறுத்த வயலில் இறங்கிவிட்டு, சாயங்காலம் கோபுரத்துக்குத் திரும்பும். மாடியில் நீங்கள் வைத்தது சீந்துவாரற்றுக் கிடக்கும், வருத்தப்படாதீர்கள்.

இந்த ஏற்பாடு வறண்ட வானிலையை நம்பியிருக்கிறது. ரோட்டோரத்தில் நெல்லைக் காயப்போட்டிருக்கும்போதும் கொள்முதல் நிலையத்தில் குவித்திருக்கும்போதும் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், வயலில் தண்ணீர் நின்று தாளடி மூழ்கும், புறா மறுநாளே ஊருக்குள் வந்துவிடும். நனைந்து முளைவிட்ட, கறுத்த தானியத்தைச் சிலர் "வீணாகப் போகிறதே, புறாவுக்காவது ஆகட்டும்" என்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பூஞ்சை பிடித்த தானியம் பறவையின் ஈரலையும் நுரையீரலையும் கெடுக்கும். மனிதன் தின்னக் கூடாதென்று ஒதுக்கியதைப் புறாவுக்கும் போடக் கூடாது.

மழையில் ஊறிய அரிசி வயிற்றில் உப்பிப் புறா செத்துப்போகும் என்று என் அத்தை சொல்கிறார். உண்மையா?

இல்லை. ஊறாத அரிசி வயிற்றுக்குள் போய் உப்பி வெடிக்கும் என்பதும் இல்லை. காலங்காலமாக நெல்லும் அரிசியும் தின்றுதான் இந்தப் பறவை இங்கே வாழ்கிறது. ஒரு நாள் முழுக்க ஊறிப் புளித்ததைப் போடாதீர்கள், பிரச்சினை அந்தப் புளிப்பில்தான். அத்தையிடம் இதைச் சொல்லிக் குடும்பச் சண்டை இழுக்க வேண்டாம், காய்ந்த அரிசியாகவே போட்டுவிட்டுப் போங்கள்.

ஆடிக்காற்றில் புறா வருவது குறைகிறதே?

பறப்பது செலவு பிடித்த வேலை, எதிர்க்காற்றில் இன்னும் அதிகம். அதனால் தூரத்து வயலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கிட்டத்தில் கிடைப்பதைப் பார்க்கும், போகும்போதும் மரத்தையும் கட்டடத்தையும் ஒட்டித் தாழப் பறக்கும். இறங்குவது எப்போதும் காற்றை எதிர்த்துத்தான். உங்கள் மாடியில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் உயரமான சுவர் இருந்தால் மறைவில் நிம்மதியாகக் கொத்தும். திறந்த மாடி என்றால் தானியமே பறந்துவிடும். கம்பு, தினை மாதிரி லேசானதைத் தவிர்த்து அந்த மாதத்தில் மட்டும் சோளம் போடலாம். காற்று இரைச்சலில் ஆபத்து வருவது காதில் விழாது என்பதாலோ என்னவோ, அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதிலும் நேரம் போய்விடும்.

மார்கழிக் குளிரில் கூடுதலாகப் போட வேண்டுமா?

வேண்டாம். மதுரையின் மார்கழி, தை இரவில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். நமக்கு மப்ளர் வேண்டியிருக்கலாம், இறகுப் போர்வை போட்ட பறவைக்கு அது குளிரே அல்ல. பனி விழும் நாடுகளில் குளிரோடு பகலும் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுவதால் பறவைக்கு இரை தேட நேரம் போதாது. மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், 10 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வித்தியாசம். மூடுபனி இறங்கிய காலையில் மட்டும் சற்றுத் தாமதமாகக் கிளம்பும், புறா கண்ணால் பார்த்துத் தின்கிற பறவை.

பச்சைப்புறாவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தாது. அது பழம் தின்னி. ஆல், அரசு, அத்தி எங்கே பழுத்திருக்கிறதோ அங்கே இருக்கும், தரைக்கு இறங்குவது அபூர்வம். ஒவ்வொரு ஆலமரமும் தன் இஷ்டத்துக்குப் பழுக்கும், எல்லா மரமும் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை, அதனால் வருஷத்தில் எந்த மாதத்திலும் எங்காவது ஒரு மரம் கிடைத்துவிடும். பழத்தில் நீர் இருப்பதால் குடிதண்ணீருக்கு அலைவதும் குறைவு. அழகர்கோயில் பக்கம் காலையில் போனால் இலையில்லாத உச்சிக் கிளையில் வரிசையாக வெயில் காய்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். மழை பெய்த காலையில் இந்த வெயில் காய்தல் நீண்டுகொண்டே போகும். இலைக்குள் இறங்கிவிட்டால் பழம் கீழே விழுகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மத்தியானத்தில் ஒரே ஒரு புறா மட்டும் தனியாக வந்து கொத்திவிட்டுப் போகிறது. வெயில் அதற்கு மட்டும் சுடாதா?

பெரும்பாலும் அது பெட்டை. மாடப்புறா ஜோடி அடைகாக்கும்போது முறை வைத்துக்கொள்ளும். சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை பெட்டை, காலை பத்து மணிவாக்கில் சேவல் வந்து மாற்றிவிட்டுச் சாயங்காலம் வரை உட்காரும். 17, 18 நாள் இப்படி ஓடும். ஆகவே பெட்டைக்குக் கிடைக்கிற ஓய்வு நேரமே பகல் வெயில்தான்.

குஞ்சு பொரித்ததும் தாய் தகப்பன் இரண்டுமே தீனிப்பையில் ஊறுகிற ஒரு பால் போன்ற பொருளை ஊட்டும். முதல் நாலைந்து நாள் முழுக்க அதுதான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானியம் கலக்கும். குஞ்சுக்குப் புழு தேட வேண்டியதில்லை என்பதால்தான் மாடப்புறா மழைக்காலம் வெயில்காலம் பார்க்காமல் எப்போது வேண்டுமானாலும் முட்டை வைக்கிறது. கோடைக் குஞ்சுக்கு ஈரமும் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் பெற்றோர் குடிக்கிற தண்ணீர் கூடும். கிணற்றுப் பொந்தில் கூடு வைத்தவை ஐப்பசி மழையில் நீர் ஏறி முட்டையை இழப்பதும் உண்டு.

வெயில் ஏறியதும் கூட்டம் திடீரென்று சிதறுகிறது. வானிலையா, பருந்தா?

இரண்டும் சேர்ந்தது. தரை சூடேறி வெப்பக்காற்று மேலே எழும்ப ஆரம்பித்ததும், காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல், பெரிய வேட்டைப் பறவைகள் சிரமமில்லாமல் வட்டமிடத் தொடங்கும். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும் உண்டு. ஷாகினுக்குப் புறா பிடித்தமான இரை, பறந்துகொண்டிருக்கும் பறவையை மேலிருந்து பாய்ந்தே அடித்துவிடும். ஊருக்குள் வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை மரக்கிளையில் மறைந்திருந்து பாயும், அதற்கு வெயில் ஏறத் தேவையில்லை. சாதாரணக் கரும்பருந்தைப் பார்த்து மாடப்புறா அவ்வளவாகப் பதறாது, பார்த்துப் பழகிய முகம்.

சரி, நான் எப்போது, எவ்வளவு போடட்டும்?

காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள். அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு. மீந்ததைப் பெருக்கி எடுத்துவிடுங்கள், கோடையில் எறும்பும் எலியும் வரும், மழையில் பூஞ்சை பிடிக்கும். மழை நாளில் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் உலர்ந்த இடத்தில் போடுங்கள். காராபூந்தி, பிஸ்கட், உப்புப் போட்ட சோறு வேண்டாம்.

கூட்டம் பெருகுகிற அளவுக்குப் போடவே போடாதீர்கள் என்பது என் கட்சி. மாடப்புறாவுக்கு ஊருக்குள் தீனிப் பஞ்சம் இல்லை. பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் உங்கள் புண்ணியம் அவருக்கு இருமல். எச்சம் கோடையில் காய்ந்து தூளாகி மூச்சோடு நுரையீரலுக்குப் போகும், பல வருஷம் அந்தத் தூளில் புழங்குகிறவர்களுக்கு நுரையீரல் தடித்துப்போகிற நோயே உண்டு. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்து எடுங்கள்.

மே மாதம் ரெண்டு வாரம் ஊருக்குப் போகிறேன். தீனி நின்றால் புறாக்கள் செத்துவிடுமா?

சாகாது. உங்கள் மாடி அதன் பட்டியலில் ஒரு நிறுத்தம், அவ்வளவே. இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளும், திரும்பி வந்து நாலைந்து காலை தொடர்ந்து போட்டால் மறுபடி வரும். தானியத்துக்குப் பதில் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள், மாடிச்சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துத் தினமும் சட்டியைக் கழுவி ஊற்றச் சொன்னால் போதும். சட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள், மத்தியானத்துக்கு மேல் அங்கே நிழல் விழும்.